வெள்ளைப் பூட்டு

டியூப் லைட்டுக்குக் கீழே சுவரோரமாகப் பாருங்கள். பல்லி எச்சம் ஒன்று கிடக்கும். அரிசி மணி அளவு, கறுப்பு நிறம், ஒரு நுனியில் மட்டும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாற்போல வெள்ளை. துடைப்பம் பட்டால் உருண்டு ஓடும். அதைக் குனிந்து முகர்ந்து பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த எச்சத்தில் சொல்லும்படியான நாற்றம் எதுவும் இல்லை. கறுப்புப் பகுதி பல்லி தின்ற பூச்சிகளின் மிச்சம். வெள்ளை நுனி அதன் சிறுநீர். திரவமாக வராமல் கட்டியாக வந்த சிறுநீர்.

பாம்பும் இதே வகையறாதான், அளவு மட்டும் பெரிது. பாம்புக்கு வியர்வை கிடையாது. தோல் உலர்ந்தது. நாயைப் போலவோ ஆட்டைப் போலவோ உடம்பிலிருந்து ஓயாமல் வரும் வாடையும் இல்லை. ஆனாலும் பாம்பு வளர்ப்பவர்களிடம் பேசினால் கொஞ்ச நேரத்தில் பேச்சு நாற்றத்துக்கு வந்துவிடும். கதவைத் திறந்ததும் கண் எரிகிறது, அறையே அடைகிறது, எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை என்பார்கள். வாடையே இல்லாத பிராணியின் கூண்டு ஏன் இப்படி நாறுகிறது?

ஒரு குறிப்பிட்ட பாம்பை வைத்துப் பார்ப்போம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் சிறிய மலைப்பாம்பு ஒன்று உண்டு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதனால் பால் பைத்தான் என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் சாரைப்பாம்புக்குப் பெட்டி செய்யக் கிளம்ப வேண்டாம்.

புரதம் தின்னும் எந்த உயிருக்கும் ஒரு தலைவலி உண்டு. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடல் புரதத்தை எரித்ததும் அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக மிஞ்சுகிறது. அம்மோனியா நஞ்சு, உடலுக்குள் தங்கவிடக் கூடாது. மீனுக்குக் கவலை இல்லை, சுற்றிலும் இருக்கும் தண்ணீரில் அப்படியே விட்டுவிடும். நாம் அதை யூரியாவாக மாற்றித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். வயலுக்குப் போடும் யூரியாவும் அதே பொருள்தான். ஆனால் கரைப்பதற்குத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரும் உடலைவிட்டுப் போய்விடும்.

பாம்பால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. நம் சிறுநீரகத்தில் கொண்டை ஊசிபோல வளைந்த நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் உதவியால் இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான சிறுநீரை நம்மால் உண்டாக்க முடிகிறது. பாம்பின் சிறுநீரகத்தில் அந்த வளைவு இல்லை. அதனால் அது வேறு வழியில் போனது. நைட்ரஜனைத் தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக்கித் திடமாகவே வெளியே தள்ளுகிறது. அந்தப் பொருள்தான் யூரிக் அமிலம்.

கரையாது என்றால் எவ்வளவு கரையாது? 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியாவைக் கொட்டினால் 15 கிலோவுக்கு மேல் கரைந்துவிடும். உரக்கடையில் வாங்கும் 45 கிலோ மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு அது. அதே குடத்தில் யூரிக் அமிலம் ஒரு கிராம்கூட முழுதாகக் கரையாது. இன்னொரு லாபமும் உண்டு. ஓர் அம்மோனியா மூலக்கூறு ஒரு நைட்ரஜனைச் சுமக்கும், யூரியா இரண்டைச் சுமக்கும், யூரிக் அமிலம் நான்கைச் சுமக்கும். ஒரே ஆட்டோவில் நான்கு பேரை ஏற்றிவிட்டு, பெட்ரோலும் போடாமல் அனுப்பிவைப்பது போன்ற ஏற்பாடு.

பாம்புக்குச் சிறுநீர்ப் பையும் இல்லை. சிறுநீரகத்திலிருந்து குழம்பாக வருவது பொதுக்கழிவுப்புழைக்குப் போகிறது. மலம், சிறுநீர், இனப்பெருக்கம் எல்லாவற்றுக்குமான ஒரே வாசல் அது. அங்கிருந்து குழம்பு பெருங்குடல் பக்கமாகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, எஞ்சிய தண்ணீரும் உறிஞ்சப்படுகிறது. கடைசியில் மிஞ்சுவது ஈரச் சுண்ணாம்பு போன்ற ஒரு கட்டி.

யூரிக் அமிலம் என்ற பெயர் நமக்கும் புதிதல்ல. நாற்பது தாண்டியவர்களின் இரத்தப் பரிசோதனைத் தாளில் அது ஒரு வரி. ஏழுக்கு மேல் போனால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். கால் பெருவிரல் மூட்டில் அது படிகமாகத் தங்கினால் கவுட் என்கிற கீல்வாதம் வரும். மற்றப் பல பாலூட்டிகளின் உடலில் யூரிக் அமிலத்தை உடைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. அதைத் தயாரிக்கும் மரபணுவை நம் மூதாதையர் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இழந்துவிட்டார்கள். பாம்பிடமும் பறவையிடமும் அது வேலை செய்வதில்லை. நமக்கு வலி தரும் அதே பொருளைப் பாம்பு கிலோ எடைக்குக் கிராம் கணக்கில் உண்டாக்கியும், மூட்டுவலி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

எப்படி? 2025இல் இதற்கு ஓர் அழகான விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் ஜெனிஃபர் ஸ்விஃப்டும் உடன் ஆய்வாளர்களும் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்வன இனங்களின் வெள்ளைக் கழிவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பால் பைத்தானின் கழிவும் அதில் உண்டு. வெறும் தூளாகத் தெரிந்தது நெருங்கிப் பார்த்தால் உருண்டைகளின் கூட்டமாக இருந்தது. ஒவ்வோர் உருண்டையின் குறுக்களவும் 1 முதல் 10 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் குறுக்காகப் பெரிய உருண்டைகளைக்கூட ஏழு எட்டு வரிசையாக வைக்கலாம். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் அதைவிடச் சின்னஞ்சிறு படிகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கவுட் படிகம் ஊசிபோல நீண்டு குத்தும். பாம்பினுடையது கடுகுபோல உருண்டு ஓடிவிடும். அந்த உருண்டைகள் அம்மோனியாவையும் பிடித்துத் திடமாக்கி வைத்துக்கொள்கின்றன என்பது அதைவிடப் பெரிய செய்தி. அதாவது பாம்பின் உடலே நாற்றத்தைப் பூட்டி, பொட்டலம் கட்டி வெளியே தருகிறது.

அந்தப் பொட்டலம் எவ்வளவு சுத்தம் என்பது பழைய வேதியியலாளர்களுக்குத் தெரியும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் 1815இல் போவா பாம்பு ஒன்றின் வெள்ளைக் கழிவைப் பகுத்துப் பார்த்தார். சுமார் 90 சதவீதம் யூரிக் அமிலம். கடையில் வாங்கும் பல பொருள்களுக்குக்கூட அப்போது அவ்வளவு தூய்மை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் யூரிக் அமிலம் வேண்டுமென்றால் பாம்பு வைத்திருப்பவரைத் தேடிப் போவதே சுலபமான வழியாக இருந்தது. ஜான் ஹேஸ்டிங்ஸ் என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஊர்வனவற்றின் கழிவு காசநோய்க்கு மருந்து என்று 1862இல் லண்டனில் ஒரு புத்தகமே வெளியிட்டார். நோயாளிகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து அதிகம் நாறியிருக்காது.

பூட்டை யார் திறக்கிறார்கள்? பாக்டீரியாக்கள். நாம் தொலைத்த யூரிகேஸ் அவற்றில் பலவற்றிடம் இருக்கிறது. வெள்ளைக் கட்டி காய்ந்து கிடக்கும் வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் பட்டதும் வேலை தொடங்கிவிடும். யூரிக் அமிலம் படிப்படியாக உடைந்து யூரியாவாகும். யூரியேஸ் என்ற இன்னொரு நொதி அதை உடைத்து அம்மோனியாவாக்கும். பாம்பு அத்தனை சிரமப்பட்டுத் திடமாக்கிய அம்மோனியா மறுபடி வாயுவாகிவிட்டது. பால் பைத்தானின் பெட்டியோ இந்த வேலைக்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. ஒரு மூலையில் 31, 32 டிகிரி சூடு வேண்டும். பாம்புத்தோல் ஒழுங்காக உரிய ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் வேண்டும், சமயத்தில் பாம்பு அதிலேயே கழித்தும் வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மூடி. இட்லி மாவு புளிப்பதற்கு நாம் செய்துதரும் வசதிகளும் ஏறக்குறைய இவைதான்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பாம்பு 100 கிராம் எலி ஒன்றை விழுங்குகிறது. அதில் புரதம் சுமார் 20 கிராம். புரதத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் 3 கிராமுக்குச் சற்று அதிகம். அதில் பாதி வெளியே வந்தாலும் யூரிக் அமிலமாகக் கிட்டத்தட்ட 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டியில் 450 லிட்டர் காற்று இருக்கும். தொழிற்கூடங்களில் ஒரு நாள் வேலைநேரத்துக்கான அம்மோனியா உச்சவரம்பாக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது பத்து லட்சம் பங்குக் காற்றில் 25 பங்கு. மூடிய பெட்டியில் அந்த அளவை எட்ட எவ்வளவு யூரிக் அமிலம் அழுக வேண்டும் தெரியுமா? 20 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை. டீஸ்பூனில் இருப்பதோ 250 அரிசி மணி.

அப்படியும் பெட்டியின் சொந்தக்காரருக்குப் பல நேரம் நாற்றம் தெரிவதில்லை. மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரே வாடையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். முதல்முறை வீட்டுக்கு வரும் மாமியார்தான் சரியான கருவி. அவர் இல்லாவிட்டால் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து, பெட்டியைத் திறந்த முதல் மூச்சில் வருவதை நம்பலாம். நாம் ஆறடி உயரத்திலிருந்து முகர்கிறோம். பாம்பு அந்த ஈரத் தரையில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறது. அம்மோனியா மூச்சுப்பாதையின் ஈரச் சவ்வை அரிக்கும். நம்மைப் போல உதரவிதானத்தை இறுக்கிப் பலமாக இருமிச் சளியைத் தள்ளப் பாம்பால் முடியாது, அதற்கு உதரவிதானமே இல்லை. நாற்றமடிக்கும் பெட்டியில் பாம்புக்கு நுரையீரல் தொற்று வருவது இதனால்தான்.

பலர் செய்வது, ரூம் ஸ்பிரே அடிப்பது. பாம்புக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அதன் நாக்கு ருசி பார்க்க இருப்பதல்ல. காற்றிலும் தரையிலும் உள்ள மூலக்கூறுகளைத் துடைத்தெடுத்து வாய்க்குள் கொண்டுவரும் பஞ்சு அது. வாயின் மேல்கூரையில் ஜேக்கப்சன் உறுப்பு என்ற ஒரு ஜோடி மணமறியும் குழிகள் இருக்கின்றன, சரக்கு அங்கே போய்ச் சேரும். நாக்கு ஏன் பிளவுபட்டிருக்கிறது என்பதற்குக் கர்ட் ஷ்வெங்க் 1994இல் ஒரு விளக்கம் தந்தார். இரண்டு நுனிகளும் இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் மாதிரி எடுக்கின்றன. எலி போன தடம் இடப்பக்கம் அடர்த்தியா, வலப்பக்கம் அடர்த்தியா என்பது உடனே தெரிந்துவிடும். நமக்கு இரண்டு காது எதற்கோ, பாம்புக்கு இரண்டு நுனி அதற்கு. இவ்வளவு நுட்பமான கருவி இருக்கும் அறையில் லாவெண்டர் ஸ்பிரே அடிப்பது, வீணைக் கச்சேரிக்கு நடுவில் ஸ்பீக்கர் செட்டைத் திறந்துவிடுவதுபோல. அடியில் அம்மோனியா அப்படியேதான் இருக்கிறது.

வெள்ளையைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். கறுப்புப் பாதியின் நாற்றம் வேறு ஜாதி. எலியின் புரதத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், மல நாற்றத்துக்கே உரிய ஸ்கடோல், இண்டோல் என்ற இரண்டு பொருள்களும் வருகின்றன. இந்த இண்டோல் மல்லிகைப் பூவிலும் இருக்கிறது. மிகக் குறைந்த அளவில் இருந்தால் மல்லிகையின் கனத்த, மயக்கும் மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. அளவு கூடினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். மறுநாள் காலை வாடிய மல்லிகைச் சரத்தை எடுக்கும்போது ஒரு விநாடி முகம் சுளிக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கழிவு மொத்தமாக ஒரே நாளில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. பாம்பு தினமும் சாப்பிடுவதில்லை. இரை இல்லாத நாள்களில் குடலைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். இரை விழுந்ததும் எல்லாம் வீங்கும். பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டே நாளில் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். எலும்பைக்கூட வயிற்று அமிலம் கரைத்துவிடும், முடி மட்டும் தப்பி வரும். அதன்பின் கழிவை எப்போது விடுவது என்பது பாம்பின் விருப்பம். ஆப்பிரிக்கக் காபூன் விரியன் ஒன்று 420 நாள்வரை கழிக்காமல் வைத்திருந்ததாக ஹார்வி லில்லிவைட்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் எழுதினார்கள். இது மலச்சிக்கல் அல்ல, பாரம் ஏற்றிக்கொள்வது என்பது அவர்கள் கருத்து. ஓரிடத்தில் கிடந்து இரைக்காகக் காத்திருக்கும் குண்டுப் பாம்புக்கு உடலின் பின்பாதி கனமாக இருந்தால், முன்பாதி பாய்ந்து கொத்தும்போது நங்கூரமாக உதவும். மரமேறும் மெலிந்த பாம்புகள் அப்படிச் சுமந்து திரிவதில்லை.

மூன்றாவது நாற்றம் ஒன்று இருக்கிறது, அதைப் பாம்பு வேண்டுமென்றேதான் உண்டாக்குகிறது. வாலின் அடியில் ஒரு ஜோடி வாசச் சுரப்பிகள் உண்டு. பிடித்தால், பயந்தால் அதிலிருந்து பீய்ச்சும். மீன் வலையில் சிக்கிய தண்ணீர்ப் பாம்பை எடுத்து விட்டவர்களுக்கு இது தெரியும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் கை இரண்டு நாளைக்குக் கதை சொல்லும். வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்பில் இந்தச் சரக்கைப் பகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வேர்த்த காலுறை வாடைக்குக் காரணமான அமிலங்களும், அழுகிய மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமீனும் அதில் கலந்திருக்கின்றன. ஒன்று அமிலம், மற்றது காரம். எந்த ஒற்றைத் துப்புரவுப் பொருளுக்கும் இரண்டும் ஒன்றாகப் பணிவதில்லை. பெட்டியில் இந்த வாடை வந்தால் துடைப்பதைவிட முக்கியம், பாம்பை யார் பயமுறுத்தினார்கள் என்று கேட்பது.

இதே இடத்தில் உருளைக்கிழங்குக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி அவித்த உருளைக்கிழங்கு வாசம் வந்தால் பக்கத்தில் நல்ல பாம்பு கொட்டாவி விடுகிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பாம்பு வாயை அகலத் திறப்பது உண்மை. பெரும்பாலும் இரை விழுங்கியபின் தாடையைச் சரிசெய்துகொள்ளத்தான். அந்த வாயில் கிழங்கு வாசம் கிடையாது. வேலியோரம் வளரும் பூலாச் செடியின் பூக்கள் சாயங்காலத்தில் அச்சாக அந்த வாசம் வீசும். தென்னாப்பிரிக்காவில் அந்தச் செடிக்கு உருளைக்கிழங்குப் புதர் என்றே பெயர். பாம்பின் பெயரில் ஒரு செடி இத்தனை காலம் நம்மைப் பயமுறுத்தியிருக்கிறது.

சரி, பூட்டைத் திறக்காமல் வைப்பது எப்படி? மீன் கழுவும் யாருக்கும் பாதி விடை தெரியும். மீனில் ஏன் புளித்தண்ணீர் ஊற்றுகிறோம்? டிரைமெத்திலமீன் காரம். புளியின் அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு வராது. அம்மோனியாவும் காரம்தான். தரையின் அமில காரக் குறியீடு 7 என்ற நடுநிலையில் இருந்தால், அங்குள்ள அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வாயுவாக எழும். குறியீடு 9க்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழும். நாற்றம் வருவதும் வராததும் அந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. இந்த நியாயத்தில்தான் சிலர் கண்ணாடியை நீர்த்த வினிகரால் துடைக்கிறார்கள்.

தரைக்கு என்ன விரிக்கிறோம் என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. உலகெங்கும் பாம்புப் பெட்டிகளில் கொட்டப்படும் ஒரு பொருள் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒருகாலத்தில் சாலையோரம் குப்பையாகக் குவிந்து கிடந்தது. தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்தபின் உதிரும் பித்து, கயிறு ஆலைக்காரர்களுக்குத் தொல்லை. இன்று அதை அழுத்திச் செங்கல்லாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். தன் எடையைப்போலச் சுமார் 8 மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே சொட்டாது, ஆனால் காற்றுக்கு ஈரம் தரும். லேசான அமிலத் தன்மை உண்டு. அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் பிசின் போன்ற லிக்னினும் நிறைய. பாம்பு பூட்டித் தந்ததை இது இன்னொரு முறை பூட்டுகிறது. சீடார் மரத்தூளைச் சிலர் வாசனைக்காகப் போடுவார்கள். அந்த வாசனை எண்ணெய் பாம்புக்கு நஞ்சு.

வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கக் கொண்டுவரும் பாம்புகளை மண்பானையில் வைக்கிறார்கள். வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். பானையின் துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும், துணி வழியே காற்று போய்வரும். கண்ணாடிப் பெட்டி இரண்டையும் தடுக்கிறது. பாம்பு இங்கே தங்குவது சில வாரம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் பானையைத் தேர்ந்தவர்களுக்கு ஈரத்தின் குணம் தெரிந்திருக்கிறது.

சுத்தம் செய்யும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஈரத்துணியை முதலில் எடுக்கவே கூடாது. வெள்ளைக் கட்டி காய்ந்திருக்கும்போதே, கீழே ஈரம் இறங்கிய விரிப்போடு சேர்த்து ஒரு பிடி அள்ளி எடுத்துவிட வேண்டும். அதன்பிறகே கழுவுதல். முதலிலேயே துடைத்தால் அந்த டீஸ்பூனைப் பெட்டி முழுக்கப் பூசி, பாக்டீரியாக்களுக்குப் பந்தி பரிமாறியதாக ஆகிவிடும். பினாயில் பக்கமே போகக் கூடாது. பீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு ஆகாது. அம்மோனியா வாடை இருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றினால் குளோரமீன் என்ற நச்சுவாயு வரும், அது பாம்போடு நம்மையும் சேர்த்துத் தாக்கும். கழிவில் சால்மொனெல்லா இருக்கலாம் என்பதால் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவும் யோசனையும் வேண்டாம். எதுவும் செய்யாமலே திடீரென்று வேறு மாதிரி, அழுகல் வாடை வந்தால் பாம்பின் வாயைப் பார்க்க வேண்டும். வாய்ப்புண்ணோ, கக்கிய பாதி இரையோ இருக்கலாம். அதற்குத் தேவை மருத்துவர், துடைப்பம் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, துப்புரவு வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது. பெட்டியின் அடியில் மண்ணும் சருகும் பரப்பி, ஒரு மணி பிளான்ட் நட்டு, இரண்டு வகைச் சிற்றுயிர்களை விடுகிறார்கள். பூந்தொட்டியை நகர்த்தினால் சாம்பல் நிறத்தில் கால்கள் நிறைய வைத்துக்கொண்டு ஓடுமே, தொட்டால் சில உருண்டையாகச் சுருளுமே, அந்த ஐசோபாட் ஒன்று. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. சருகையும் பாம்பு மலத்தையும் கொறித்துத் தூளாக்கும். மற்றது ஸ்பிரிங்டெயில், துள்ளுவாலி என்று சொல்லலாம். எள்ளில் பாதிகூட இல்லாத இது, வயிற்றின் அடியில் மடித்து வைத்த முள்ளை விடுவித்துத் தாவும். பூஞ்சையை மேயும். மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், மணி பிளான்ட் அதை உறிஞ்சி இலை விடும். எலி, பாம்பு, வெள்ளைக் கட்டி, இலை என்று ஒரே நைட்ரஜன் நான்கு சட்டை மாற்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை, ஐசோபாட் தன் நைட்ரஜன் கழிவை அம்மோனியா வாயுவாகவே உடம்பிலிருந்து விடுகிறது. நாற்றத்தை ஒழிக்க வந்தவரே அதே நாற்றத்தை மிகக் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வேலை செய்கிறார். கூட்டம் சிறியது, மண் ஆழமானது என்பதால் அது நம் மூக்கை எட்டுவதில்லை. சிறிய பெட்டியில் பெரிய பாம்பை வைத்தால் இந்தக் குழுவும் கைவிரித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்படி ஓடும் பெட்டியைத் திறந்தால் வருவது முதல் மழைக்குப் பிந்தைய மண்வாசனை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அது. நம் மூக்குக்கு இது லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே போதும். பாக்டீரியா எதற்காக வாசனை தயாரிக்கிறது என்ற கேள்விக்கு 2020இல் ஒரு விடை வந்தது. துள்ளுவாலிகளை அழைக்க! வாசனை பிடித்து வரும் துள்ளுவாலி அதைத் தின்னும், பாக்டீரியாவின் வித்துகள் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் பயணம் போகும். நாம் ஜன்னலைத் திறந்து ரசிக்கும் மழை வாசனை, இன்னொருவருக்கு அனுப்பிய சாப்பாட்டு அழைப்பு.

விரிப்பு மாற்றியாயிற்று, கண்ணாடி துடைத்தாயிற்று, கிண்ணம் கழுவி வெயிலில் காய வைத்தாயிற்று என்று பாம்பைத் திரும்ப உள்ளே விடுகிறீர்கள். அது ஒவ்வொரு மூலையாக நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும். தன் வாசனை எதுவும் இல்லாத புது இடம் அல்லவா. அடுத்து என்ன நடக்கும் என்று பாம்பு வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேவிட் சிசார் குழு சோதித்து 1980இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டது. கூண்டைச் சுத்தம் செய்வதே பாம்பை மலம் கழிக்கத் தூண்டுகிறது. வாளியை உடனே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.